நெல்லின் மேல் போன ஒயர்

போன வாரம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து சதீஷ் வந்திருந்தான். இப்போது ஃபைபர் இழுக்கிற பையன்களில் அவனுக்குத்தான் வாய் அதிகம். வாசலில் செருப்பை விடும்போதே அண்ணாந்து பார்த்துவிட்டான்.

"அண்ணே, காலம் பூரா கேபிள் இழுத்துட்டு உங்க வீட்டு மாடியில குடை வச்சிருக்கீங்களே, மொதலாளிக்குத் தெரியுமா?"

எங்கள் பக்கத்தில் டிஷ் ஆன்டெனாவைக் குடை என்றுதான் சொல்வார்கள். "தெரியும். இந்த நகருக்குக் கேபிள் வரல, குடை வச்சுக்க மணின்னு அவருதான் சொன்னாரு" என்றேன். அவன் நம்பவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே, பழைய அனலாக் கேபிளை நிறுத்தி எல்லாரும் குடைக்கு மாறின காலத்தில் என்னதான் நடந்தது என்று கேட்டான். அவனிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்றதில் எனக்குத் துளிக்கூட வருத்தம் கிடையாது. ஐப்பசி மழையில் யார் வீட்டில் படம் போனாலும் இனி என் தலைவலி இல்லை. ஈரக் கம்பத்தில் ஏறி, வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டு, கீழே நிற்கிறவர்களின் யோசனையைக் கேட்க வேண்டியதில்லை. குடையும் மழை பெய்தால் படம் காட்டாதுதான். காட்டாவிட்டால் அணைத்துவிட்டுத் தூங்குகிறேன். அந்தச் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றும் இல்லை. முதலாளி நீடாமங்கலத்தில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். மாடியில் பெரிய குடை ஒன்றை நிறுத்திக் கேபிள் ஆரம்பித்தபோது கம்பம் ஏற ஆள் தேடினார். எனக்குத் தென்னை ஏறத் தெரியும், அவ்வளவுதான் தகுதி. ஒயரின் மேல்தோலை உரிப்பது, உள்ளே இருக்கிற வலையைப் பின்னால் மடிப்பது, நடுக்கம்பியில் கீறல் விழாமல் முனை போட்டுக் கனெக்டர் மாட்டுவது, இதையெல்லாம் கைதான் கற்றுக்கொண்டது.

முதலாளியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதிகம் துடைத்தால் அதிகக் கோபம் என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் ஒரு வீட்டுக் கம்ப்ளெய்ன்டை முடித்துவிட்டு வந்ததும் அந்த வீட்டுக்கு அவரே போன் போடுவார். "படம் எப்படிங்க இருக்கு?" என்பார். நல்லா இருக்கு என்றால், "சத்தம்?" என்பார். அதுவும் நல்லா இருக்கு என்றால் மறுபேச்சு இல்லாமல் போனை வைத்துவிடுவார். இந்த இரண்டு கேள்விக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். கேபிள் வேண்டாம் என்கிற வீட்டில் ஒயரை வெட்டக் கூடாது. கழற்றி, முனையில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, சுருட்டி, கைப்பிடிச் சுவர் ஓரமாக மாட்டிவிட்டு வர வேண்டும். "போறவங்க வீட்ல கத்திரிக்கோலோட நிக்காத மணி. அசிங்கமா இருக்கும்" என்பார்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது அனலாக் நிறுத்தப்பட்டபோது. இனி வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் என்கிற பெட்டி வைத்தால்தான் கேபிளில் படம் தெரியும் என்றாகிவிட்டது. எங்களுக்குப் பெட்டிகள் வேண்டிய அளவுக்கு வந்து சேரவில்லை. ஜனங்கள் எத்தனை நாள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? கூத்தாநல்லூரில் வெளிநாட்டுப் பணம் வருகிற வீடுகள் முதலில் குடைக்கு மாறின. அப்புறம் கிராமங்கள். கொரடாச்சேரி போகிற வழியில் ஓர் ஊர் உண்டு. அதன் கீழத்தெருவில் ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் குடை முளைத்துவிட்டது. குடை மாட்ட வந்தவனிடம் உயரமான ஏணி இல்லை என்று தெரிந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஏணியக் குடுத்துட்டு வா."

"என்னங்க இது? நம்ம பொழப்பக் கெடுக்க வந்தவனுக்கு நாமளே ஏணியா?"

"அவன் விழுந்து தொலைச்சா நமக்கு என்ன லாபம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் ஏற வேண்டிய கம்பங்கள் குறைந்துவிட்டன என்கிற நினைப்பும் கூடவே வந்தது. அதையும் மறைப்பானேன்.

சதீஷிடம் நான் முக்கியமாகச் சொன்னது ஒரு கல்யாணக் கதை. அது நடந்தது அந்தக் கீழத்தெருக் குடும்பத்தில், அடுத்து வந்த தை மாதத்தில்.

பெண்ணின் அப்பா தியாகராஜன். நல்ல விவசாயி. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கோ லீவு முடியப் போகிறது. தள்ளிப் போடலாம் என்று வீட்டார் சொன்னபோது தியாகராஜன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியும் தம்பி மனைவியும் தாரை வார்த்துக் கொடுக்கட்டும், கேபிளில் லைவ் போட்டால் கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரே தீர்த்துச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தை லைவ் போடுவது எங்களுக்குப் பழகிய வேலை. மண்டபத்துக் கேமராவிலிருந்து ஆபீஸுக்கு ஒயர் போகும். ஆபீஸிலிருந்து எங்கள் லோக்கல் சேனலில் ஊருக்கெல்லாம் போகும். அன்று காலை நான் மண்டபத்தில் கேமரா இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணின் அண்ணன் செந்தில் சந்தனம் பூசின நெற்றியோடு வந்தான். சிங்கப்பூரில் வேலை செய்கிறவன்.

"அண்ணே, படம் நல்லா வருதுல்ல? அப்பா வீட்ல டிவியப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"எந்த டிவிய தம்பி?"

"புதுசா வாங்கினது. அப்பா படுத்துக்கிட்டே பாக்கட்டும்னு. தெருவே மாறினப்ப குடைக்கும் நான்தான் பணம் அனுப்பினேன்."

"தம்பி, நம்ம லோக்கல் சேனலு கேபிள்லதான் வரும். குடையில வராதே."

அவன் முகம் செத்துப்போனது. அப்பா பார்க்க வேண்டும் என்று குடை வாங்கியவனும் அவன்தான். அப்பா பார்க்க வேண்டும் என்று கேபிள் லைவுக்கு ஏற்பாடு செய்தவனும் அவன்தான். இரண்டும் ஒன்றோடொன்று சேராது என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆபீஸில் மட்டும் தோன்றியதா என்ன? கீழத்தெருவில் ஒரு வீட்டில்கூடக் கேபிள் இல்லை என்று தெரிந்த நாங்கள்தான் லைவுக்குச் சரி என்று சொல்லியிருந்தோம்.

சதீஷ் இந்த இடத்தில் குறுக்கிட்டான். "ஏண்ணே, வீடியோ கால் போட்டுருக்கலாமே?" அதையும் செய்து பார்த்தோம். அந்தத் தெருவில் செல்போனில் பேசுவதற்கே வரப்பில் போய் நிற்க வேண்டும். வீட்டுக்குள் படம் எங்கே வரும்?

முதலாளிக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். பிறகு பேசினார்.

"முகூர்த்தத்துக்கு நேரம் இருக்கா?"

"கொஞ்சம் இருக்குங்க."

"பெட்டியும் ஆம்பிளிஃபயரும் இப்பவே குடுத்தனுப்புறேன். நீ லைனப் பாரு. பொண்ணுகிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது. மணவறையில உக்காந்து அழுதுட்டிருக்கப் போவுது."

மண்டபம் மெயின் ரோட்டில் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வயல். வயலைத் தாண்டினால் கீழத்தெரு. மெயின் ரோட்டுக் கம்பம் வரைக்கும் கேபிள் உயிரோடு இருந்தது. தியாகராஜன் வீட்டிலும், முதலாளியின் சட்டப்படி, சுருட்டின ஒயர் கைப்பிடிச் சுவரில் பத்திரமாகத் தொங்கியது. நடுவில் வயலின் குறுக்கே மூங்கில் நட்டு இழுத்திருந்த மெயின் ஒயர்தான் இல்லை. முந்தின போக அறுவடைக்கு வந்த மெஷின் அதை அறுத்துப் போட்டிருந்தது. தெருவே குடைக்கு மாறிவிட்டதால் கம்ப்ளெய்ன்ட் கொடுக்க ஆள் இல்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

இப்போதும் அந்த வயலில் அறுவடை மெஷின் இறங்கி அறுத்துக்கொண்டிருந்தது. குறுக்கே ஒயர் போட்டால் அடுத்த நடையிலேயே அதன் வாய்க்குள் போய்விடும். அதனால் வரப்போடு சுற்றிக்கொண்டு போய் ஒயரை விட்டேன். செந்திலின் நண்பர்கள் இரண்டு பேர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒயர்ச் சுருளை உருட்டினார்கள்.

வீட்டுக்குள் போனேன். தியாகராஜன் புதுச் சட்டையோடு, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். திருநீறு பூசி, மீசையைச் சீவி, மண்டபத்தில் நிற்க வேண்டிய கோலத்தில் கட்டிலில் இருந்தார். பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் அட்சதை. அவர் மனைவி மண்டபத்துக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு சரோஜா அக்காதான் சொன்னார்: "தாலி கட்டறப்ப இங்கேருந்தே போடணுமாம். காலைலேருந்து கிண்ணத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்காரு தம்பி."

பெட்டியை மாட்டி, அந்த வீட்டு லேண்ட்லைனில் அதன் நம்பரை ஆபீஸுக்குச் சொல்லி ஆக்டிவேட் செய்யச் சொன்னேன். படம் வந்தது. அதைப் படம் என்று சொல்லக் கூடாது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து, ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் பச்சையுமாக நின்றுபோனது.

அனலாக்கில் ஒயர் நீளமாகப் போனால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். பெய்தாலும் ஆள் தெரியும், அழுகிறாரா சிரிக்கிறாரா என்றும் தெரியும். டிஜிட்டல் அப்படி இல்லை. சிக்னல் போதுமானால் கண்ணாடி மாதிரி காட்டும். ஒரு பிடி குறைந்தாலும் ஒன்றும் காட்டாது. வரப்பைச் சுற்றின நீளத்துக்கு, சிக்னலைத் தூக்கிவிடுகிற ஆம்பிளிஃபயரும் ஈடுகொடுக்கவில்லை.

தியாகராஜன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "தம்பி, இந்தக் கட்டத்துல எது எம்பொண்ணு?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு முன்னால் அவையெல்லாம் ஒன்றுமே இல்லை. "இருங்கண்ணே, இதோ வரேன்" என்று வெளியே ஓடினேன்.

அந்த வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கோவிந்தராசு. வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகமூட்டம். மழை பிடித்தால் நெல் நனையும், நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். மெஷின் கிடைக்கவே அவர் பல நாள் காத்திருந்தார். அது முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் கேட்டேன்.

"அண்ணே, மெஷினக் கொஞ்சம் நிறுத்தணும்."

"என்ன வெளையாடுறியா? மேல பாத்தியா, இருட்டிக்கிட்டு வருது."

"தியாகராஜண்ணன் பொண்ணு கல்யாணம். வீட்ல படம் வரல. வயலுக்குக் குறுக்க ஒயரு போட்டாத்தான் வரும்."

"அவரு இன்னும் ஒண்ணுமே பாக்கலயா?"

"இல்லண்ணே. அட்சதையக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு."

கோவிந்தராசு இன்னொரு தடவை வானத்தைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டி மெஷினை நிறுத்தினார். டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். "வண்டி நின்னா எங்களுக்குக் கட்டுபடி ஆகாதுங்கண்ணா" என்று மேலிருந்து கத்தினார்.

"நிறுத்த வேணாம்யா. நடுவுல ஒரு பட்டைய விட்டுட்டு ரெண்டு பக்கமும் அறு. அந்தப் பட்டை அப்படியே நிக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவில்லை. மெஷின் நடுப்பகுதியைத் தொடாமல் ஒதுங்கிப் போனபிறகுதான் புரிந்தது. மெயின் ரோட்டிலிருந்து கீழத்தெரு வரைக்கும், வயலின் குறுக்கே, விளைந்த நெல் ஒரு பாய் அகலத்துக்கு நின்றது. ஒயரை அதன் மேலேயே போடச் சொன்னார். மூங்கில் தேவைப்படவில்லை. கதிர்கள் தாங்கிக்கொண்டன. வைக்கோல் கட்ட வருகிற டிராக்டர்க்காரன் கண்ணிலும் ஒயர் படும், சக்கரத்துக்கடியில் தரையிலும் கிடக்காது. இத்தனை வருஷ சர்வீஸில் எனக்கு இப்படி ஒரு லைன் போடத் தோன்றியிருக்காது.

ஓடினேன். முனைகளைப் போட்டேன். அவசரத்தில் ஒரு முனையைத் திரும்ப உரிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே சரோஜா அக்கா, "வந்துட்டுது! வந்துட்டுது!" என்று கத்தினார்.

திரையில் அவர் பெண் மாலதி குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றிச்சுட்டி கொஞ்சம் கோணலாக இருந்தது. அதுகூடத் தெரிந்தது. தியாகராஜன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார், பிறகு ஒரு கையை எடுத்து அட்சதைக் கிண்ணத்துக்குள் விட்டார். தாலித் தட்டைப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.

அப்போதுதான் மண்டபத்துச் சத்தம், வயலைத் தாண்டி, ஜன்னல் வழியாக வந்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று மைக்கில் யாரோ கத்த, நாயனமும் தவிலும் காதைப் பிளந்தன. அந்த நேரம் பார்த்து மெஷின் சத்தமும் நின்றுவிட்டது. ஆத்தூர்க்காரர் தானாகவே அணைத்திருக்கிறார்.

தியாகராஜன் கை நிறைய அட்சதையை அள்ளித் திரையை நோக்கி வீசிவிட்டார். திரையிலோ தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கக்கூட இல்லை.

அவர் வெறுங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, இன்னும் கட்டலயே? அவசரப்பட்டுட்டேனா?"

டிஜிட்டலில் படம் ஆபீஸுக்குப் போய், சுருங்கி, திரும்ப விரிந்து வருவதற்குள் நாலைந்து மூச்சு நேரம் பிந்திவிடும். காற்றில் வருகிற சத்தத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. இதை விளக்க அங்கே நேரம் ஏது? கிண்ணத்தை அவர் கையருகே நீட்டினேன். "சத்தம் முன்னால வந்துட்டுதுண்ணே. படம் இப்ப வருது. இன்னொரு தடவ போடுங்க."

மாப்பிள்ளை தாலியை எடுத்தான். குனிந்தான். முடிச்சு விழுந்தது. மண்டபத்தில் அட்சதை பறந்தது. தியாகராஜன் இரண்டாம் தடவையும் அள்ளி வீசினார். சரோஜா அக்கா வீசினார். நானும் வீசினேன். அத்தனை கல்யாணத்தை லைவ் போட்டிருக்கிறேன், ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மஞ்சள் அரிசி டிவியின் மேல் பட்டுத் தெறித்து, பெட்டியின் மேலும் என் சட்டைப் பைக்குள்ளும் விழுந்தது. அவர் அழுதுகொண்டே சிரித்தார். நான் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

வீட்டு லேண்ட்லைன் அடித்தது. சரோஜா அக்கா எடுத்து அவரிடம் நீட்டினார். யார் என்று எனக்குத் தெரியும். முதலாளியின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது.

"படம் எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு."

"சத்தம்?"

தியாகராஜன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் மொதல்லயே வந்துட்டுதுங்க."

முதலாளி வழக்கம்போல போனை வைக்கவில்லை. "சந்தோஷம்" என்றார்.

சாப்பாடு முடிந்து வெயில் சாயும்போது நான் ஒயரைச் சுருட்டப் போனேன். மழை ஏமாற்றிவிட்டது, நல்லவேளை. மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. அறுத்த நெல்லின் அடித்தாள் நிற்கிற வயலின் நடுவே அந்த ஒரு பட்டை நெல் மட்டும் நின்றது. ஆளை விட்டுக் கையால் அறுத்துக்கொள்கிறேன் என்று கோவிந்தராசு சொல்லிவிட்டார். அப்படியே மறுநாள் அறுக்கவும் செய்தார்.

பெண்ணும் மாப்பிள்ளையும் அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்கக் கார் இல்லாமல் வரப்பு வழியாகவே நடந்து வந்தார்கள். மாலதி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். என்னையும் நெல்லின் மேல் கிடந்த ஒயரையும் பார்த்து நின்றுவிட்டாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"என்னண்ணே, இந்த ஒயரு இங்க?"

செந்தில் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். குடை, கேபிள், மெஷின், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் என்னிடம் திரும்பினாள்.

"அப்பா பாத்தாங்களா? நெசமா சொல்லுங்க. தாலி கட்டினதப் பாத்தாங்களா?"

"பாத்தாரும்மா" என்றேன். "காதால ஒரு தடவ, கண்ணால ஒரு தடவ. ரெண்டு தடவயும் அட்சதை போட்டாரு."

என் சட்டைப் பையில் மீதமிருந்த மஞ்சள் அரிசியை எடுத்துக் காட்டினேன். அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.